கோடுகள் கூடுமிடம்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

கோடு என்றவுடன் நம்மில் பலருக்கு அளவுகோலும் பென்சிலும் கவராயமும் நினைவுக்கு வரும். சிலருக்குத் தேர்வு நினைவுக்கு வந்து காய்ச்சலே வந்துவிடும். ஒரு தளத்தில் வெவ்வேறான இரண்டு நேர்கோடுகள் இருந்தால், அவை ஒரே ஒரு புள்ளியில் வெட்டிக்கொள்ளும். இல்லையேல் எவ்வளவு நீட்டினாலும் வெட்டிக்கொள்ளவே மாட்டா. இதை ஆறாம் வகுப்பில் படித்தபோது இதில் என்ன அதிசயம் இருக்கிறது என்று எண்ணினேன். அதிசயம் இந்த ஆண்டுதான் கண்ணில் படத் தொடங்கியிருக்கிறது.

முதலில் அந்தச் சொல்லையே பாருங்கள். கணித வகுப்பில் கோடு என்றால் நேரானது. தமிழ் வகுப்பிலோ, கோடுதல் என்றால் வளைதல்! நடுவுநிலை தவறாமையைக் கோடாமை என்று சொல்வது அதனால்தான். மரக்கிளைக்கும், யானைத் தந்தத்திற்கும், மலைச்சிகரத்திற்கும்கூடக் கோடு என்ற பெயர் உண்டு. திருச்செங்கோட்டின் பெயரில் இருப்பது மலை. ஒரே சொல் நேரானதையும் வளைந்ததையும் குறிக்கிறதே என்று தமிழம்மாவிடம் கேட்டேன். "உன் அளவுகோலை எடுத்துக்கொண்டு திண்டுக்கல் சமவெளியில் ஒரு நாள் நடந்து பார், எது நேராக இருக்கிறதென்று தெரியும்" என்றார்கள். அப்போது வகுப்பே சிரித்தது. அதன் பிறகு நான் உண்மையிலேயே நடந்து பார்க்கும்படி நேர்ந்தது.

இரண்டு கோடுகள் சந்திப்பது எளிது. இணையாக இல்லாவிட்டால் போதும், சந்தித்தே தீரும். மூன்று கோடுகள் ஒரே புள்ளியில் சந்திப்பதுதான் அரிது. நம் பத்தாம் வகுப்புக் கணித நூலில் சீவாவின் தேற்றம் என்று ஒன்று வருகிறது. முக்கோணத்தின் மூன்று உச்சிகளிலிருந்தும் எதிர்ப்பக்கத்துக்கு ஒவ்வொரு கோடு இழுக்கிறோம். முதல் இரண்டும் எங்கோ வெட்டிக்கொள்ளும். மூன்றாவது கோடும் அதே இடத்தின் வழியே போகவேண்டும் என்று என்ன கட்டாயம்? கட்டாயம் ஏதுமில்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மூன்று பக்கங்களும் எந்தெந்த விகிதத்தில் பிரிகின்றன என்று ஒரே திசையில் சுற்றிவந்து, அந்த மூன்று விகிதங்களையும் பெருக்கவேண்டும். விடை 1 என்று வந்தால் மூன்று கோடுகளும் கூடும். இம்மி பிசகினாலும் கூடா. ஒரு பக்கம் 2 மடங்காகவும் இன்னொரு பக்கம் 3 மடங்காகவும் பிரிந்தால், மூன்றாவது பக்கம் ஆறில் ஒன்றாகப் பிரிந்தே ஆகவேண்டும். இருவர் தாராளமாக இருந்தால் மூன்றாமவர் இறுக்கிப் பிடிக்க வேண்டும் போலும்! எங்கள் வீட்டுச் செலவுக் கணக்கும் இப்படித்தான் நடக்கிறது.

ஜியோவான்னி சீவா இத்தாலி நாட்டவர். மிலான் நகரில் இயேசு சபையார் நடத்திய கல்லூரியில் படித்தவர். இந்தத் தேற்றத்தை 1678இல் வெளியிட்டார். அவருடைய தம்பி தொமாசோ இயேசு சபைக் குருவானவர். அவரும் கணிதத்தில் வல்லவர், கவிதையும் எழுதியவர். ஆனால் இதே தேற்றத்தை ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன்பே, 11ஆம் நூற்றாண்டில், ஸ்பெயினில் சரகோசாவை ஆண்ட அல்-முத்தமன் என்ற அரசர் நிறுவியிருக்கிறார். அரசரும் இத்தாலியரும் தனித்தனியே நடந்து ஒரே இடத்திற்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் அறியாமலேயே சந்தித்துக்கொண்டவர்கள் என்று இவர்களைச் சொல்லலாம் அல்லவா? மெனிலாஸ் தேற்றமும் அதே பாடத்தில் இருக்கிறது. எனக்கு என்னவோ சீவாவைத்தான் பிடிக்கிறது.

இனி, பாடநூலில் பெரிதாகச் சொல்லாத ஒன்று. கணிதத்துக் கோட்டிற்கு அகலம் இல்லை. நம் பென்சில் கோட்டிற்கு உண்டு. ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு கோடுகளைச் செங்கோணத்தில் வெட்டச் செய்யுங்கள். வெட்டுமிடம் சின்னச் சதுரமாக இருக்கும். மூலைக்கு மூலை ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராது. அதே கோடுகளை 10 பாகைக் கோணத்தில் வெட்டச் செய்யுங்கள். வெட்டுமிடம் ஒரு நீண்ட சாய்சதுரமாகிவிடும். அதன் நீளம் 11 மில்லிமீட்டருக்கு மேல்! நான் வரைந்தும் பார்த்தேன், முக்கோணவியலைக் கொண்டு கணக்கிட்டும் பார்த்தேன். ஆக, எதிரும் புதிருமாக வருகிற கோடுகள் எங்கே சந்தித்தன என்று எவரும் சொல்லிவிடலாம். ஏறக்குறைய ஒரே திசையில் வருகிற கோடுகள் எங்கே சந்தித்தன, எங்கே பிரிந்தன என்று சொல்வது கடினம்.

நம் ஊரில் கோடுகள் கூடும் இடம் எது என்று கேட்டால் சின்னக் குழந்தையும் ரயில் நிலையத்தைக் காட்டும். திண்டுக்கல் சந்திப்பு என்றே அதற்குப் பெயர். திருச்சியிலிருந்து மதுரைக்குச் செல்லும் பாதை 1875இல் வந்தது. பழனி வழியாகப் பொள்ளாச்சிக்கு மேற்கே போகும் கிளை 1928இல் வந்தது. வடக்கே கரூருக்குப் போகும் பாதை 1980களின் இறுதியில்தான் வந்து சேர்ந்தது. நாலா திசையிலிருந்தும் நான்கு பாதைகள். தேசப்படத்தில் பார்த்தால் நான்கும் ஒரே புள்ளியில் கூடுகின்றன.

ஆனால் தேசப்படத்தில் கூடுவது வேறு, தரையில் கூடுவது வேறு. பழைய பாதைகள் மீட்டர் கேஜ்; தண்டவாளத்திற்கு இடையே 1000 மில்லிமீட்டர். கரூர்ப் பாதை அகலப்பாதை. இடைவெளி 1676 மில்லிமீட்டர். ஒரே நிலையம், ஒரே கடிகாரம், ஒரே தேநீர்க் கடை. ஆனால் இந்தப் பாதையில் வந்த பெட்டி அந்தப் பாதைக்குப் போகமுடியாது. ஆட்கள் மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு மாறி ஏறவேண்டும். சரக்கை இறக்கி ஏற்றவேண்டும். என் அம்மா சிறுமியாக இருந்தபோது பழனிக்குச் சின்ன ரயிலில் போன கதையை இன்றும் சொல்வார்கள். அந்தப் பாதையையும் பெயர்த்து அகலமாக்கி, 2015இல் பொள்ளாச்சி வரை முடித்தார்கள். அதன் பிறகுதான் நான்கு பாதைகளும் உள்ளபடியே சந்தித்தன எனலாம். பக்கத்தில் பக்கத்தில் நிற்பது மட்டும் சந்திப்பு ஆகாது என்பதற்கு நம் ஊர் நிலையம் கால் நூற்றாண்டுக்கு மேல் சாட்சியாக இருந்திருக்கிறது.

ரயில்வேயில் பணியாற்றும் ஒரு தோழியின் தந்தை எனக்கு இன்னொன்றும் சொன்னார். ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்று பிரியும் இடத்தில், 12 அடி முன்னே போனால் 1 அடி விலகும்படி அமைப்பது வழக்கமாம். கணக்கிட்டால் கோணம் 5 பாகைகூட வராது. அவ்வளவு மெல்லப் பிரிந்தால்தான் வண்டி குலுங்காமல் திரும்பும்; செங்கோணத்தில் பிரித்தால் கவிழ்ந்துபோகும். பென்சில் கோட்டுக்கு ஆகாத கோணம் ரயிலுக்கு நல்ல கோணமாகிறது! உள்ளே உட்கார்ந்திருக்கும் பயணிக்கோ, தான் பாதை மாறிவிட்டது தெரிவதே இல்லை. ஜன்னல் வழியே பார்க்கையில் மற்றத் தண்டவாளம் தள்ளிப் போயிருக்கும்.

ரயிலுக்கும் முன்னால் நம் ஊர்ப் பக்கம் ஒரு கோடு வந்தது. அதைக் கண்ணால் காணமுடியாது. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், புனித தோமையார் மலை என நாம் போற்றும் பரங்கிமலைக்கு அருகில், வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி ஒரு நேர்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அதன் நீளம் ஏறக்குறைய 12 கிலோமீட்டர். அந்த ஒரு கோட்டைத்தான் தரையில் அளந்தார். பிறகு அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு மலையுச்சியையோ கோபுரத்தையோ பார்த்துக் கோணத்தை மட்டும் அளப்பார். இரண்டு பார்வைக் கோடுகளும் எங்கே கூடுகின்றனவோ அதுதான் மூன்றாம் புள்ளி. பக்கங்களைக் கணக்கால் அறிந்துகொள்வார். அந்த முக்கோணத்தின் பக்கத்தில் அடுத்த முக்கோணம். இப்படியே முக்கோணம் முக்கோணமாக, கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகையை ஒட்டித் தெற்கே குமரிமுனைப் பக்கம் வரையிலும், வடக்கே நாட்டின் நடுவிலும் வலை பின்னிக்கொண்டே போனார். 1823இல் ஹிங்கன்காட் என்னும் ஊரில் இறக்கும் வரை அந்த வேலைதான். அவருக்குப் பின் எவரெஸ்ட் என்பவர் தொடர்ந்தார். சிகரத்தின் பெயரால் அவரை எல்லோருக்கும் தெரியும். லாம்டனைத் தெரிந்தவர்கள் குறைவு.

அவருடைய கோணமானி அரை டன்னுக்கு மேல் எடையுள்ளது. லண்டனிலிருந்து வரும் வழியில் அந்தக் கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பகைவர்களாக இருந்தும், கருவி எதற்கென்று தெரிந்ததும் வணக்கத்துடன் சென்னைக்கு அனுப்பிவைத்தார்களாம். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தில் அதைக் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு நழுவிக் கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் பல வாரங்கள் உட்கார்ந்து அதைத் தானே சீர்செய்தார். முக்கோணங்களைத் தேர்ந்தெடுப்பதிலும் அவர்களுக்கு ஒரு விதி உண்டு: ஒடுங்கிய முக்கோணம் கூடாது. காரணம், முன்னே சொன்ன அதே பென்சில் கதைதான். குறுகிய கோணத்தில் வெட்டும் பார்வைக் கோடுகள் புள்ளியைத் தெளிவாகக் காட்டமாட்டா.

இந்த 78 பாகைக் கோடு எங்கே போகிறது தெரியுமா தோழியரே? திண்டுக்கல் நகரின் கிழக்கு ஓரத்தை ஒட்டி, இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போகிறது. அதைப் பிடித்துக்கொண்டு நேர் வடக்கே போனால் ஆக்ராவை அடையலாம். 77 பாகைக் கோடு பொள்ளாச்சியை ஒட்டிப் போகிறது. நம் அட்சரேகையில் இந்த இரண்டு கோடுகளுக்கும் இடையே 109 கிலோமீட்டருக்கு மேல். ஆக்ராவுக்குப் போகும்போது அந்த இடைவெளி 99 கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். வட துருவத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். இங்கே நின்று பார்த்தால் இணைகோடுகள் என்று சத்தியம் செய்யலாம். ஒவ்வொன்றும் கிழக்கு மேற்குக் கோட்டைச் செங்கோணத்தில்தான் வெட்டுகிறது. ஆயினும் சந்திக்கின்றன. யூக்ளிடின் தேற்றம் பொய்யாகிவிட்டதா என்று எங்கள் கணித சிஸ்டரிடம் கேட்டேன். "யூக்ளிட் தட்டையான மேசைமேல் வரைந்தார்; நீ உருண்டைமேல் நிற்கிறாய்" என்று சொல்லிவிட்டு, மீதியுள்ள வீட்டுக்கணக்கைக் கேட்டார்கள்.

சந்திப்பைப் பற்றித் தமிழ் இலக்கணமும் நிறையவே சொல்லுகிறது. தெருக்கள் கூடினால் சந்தி. பகலும் இரவும் கூடினால் அந்தி சந்தி. குடும்பச் சண்டை வெளியே தெரிந்தால் சந்தி சிரிக்கும்! சொற்கள் கூடுவதும் சந்திதான். நின்ற சொல் நிலைமொழி, வந்து சேரும் சொல் வருமொழி. சேரும்போது ஒன்று கெடலாம்: மரம், வேர் இரண்டும் சேர்ந்தால் மரவேர், மகரம் போய்விட்டது. ஒன்று திரியலாம்: கல்லும் சிலையும் கற்சிலை ஆகும். ஒன்று புதிதாகத் தோன்றலாம். நம் ஊர்ப் பெயரையே பாருங்கள். திண்டு, கல், இரண்டிலும் 'க்' என்ற ஒற்று இல்லை. இரண்டும் கூடியவுடன் நடுவே ஒரு 'க்' வந்து நிற்கிறது. அது நிலைமொழிக்குச் சொந்தமா, வருமொழிக்குச் சொந்தமா? எவருக்கும் சொந்தமில்லை, அதை எடுத்துவிட்டால் ஊரின் பெயரும் இல்லை.

சிலுவையைப் பற்றியும் எழுதடி, அதுவும் இரண்டு கோடுகள் கூடுவதுதானே என்றாள் ஒரு தோழி. நம் மலரில் ஆண்டுதோறும் நான்கு பேராவது அதைப் பற்றி எழுதுகிறார்கள். இந்த ஆண்டும் எழுதியிருப்பார்கள். ஆகவே நான் வரப்புக்கு வருகிறேன்.

எங்கள் தாத்தாவின் நிலம் திண்டுக்கல்லுக்கு மேற்கே, பழனி மலைத்தொடர் நீலமாய்த் தெரியும் சமவெளியில் இருக்கிறது. புஞ்சைக் காடு, சோளமும் நிலக்கடலையும் போடுவார்கள், ஓரத்தில் முருங்கை. தாத்தா இருந்தபோதே அதை இரண்டாகப் பிரித்து, நடுவே வரப்புப் போட்டு, வடபாதியைப் பெரியப்பாவுக்கும் தென்பாதியை அப்பாவுக்கும் எழுதிவைத்தார். கிணறு மட்டும் பொது. தாத்தா மறைந்த சில ஆண்டுகளில் வரப்பு நகர்ந்துவிட்டது என்ற பேச்சு வந்தது. நீ வெட்டிச் சேர்த்துக்கொண்டாய் என்று அவர், நீங்கள்தான் உழுது தள்ளினீர்கள் என்று இவர். கோயில் திருவிழாவில் ஒருநாள் அது பெரிதாகி, அன்றோடு பேச்சு நின்றது. மூன்று ஆண்டுகள்.

பெரியப்பா மகள் நம் பள்ளியில்தான் மேல்நிலை வகுப்புப் படிக்கிறாள். அக்காவும் நானும் பள்ளிக்குள் பேசுவோம். வாயிற்கதவைத் தாண்டியதும் அவள் சாலையின் அந்த ஓரம், நான் இந்த ஓரம். எவரும் எங்களிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஆனால் வீட்டிலே எவராவது பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருப்பார்களே, அதுதான் பயம். கிறிஸ்துமஸ் இரவுப் பூசையில் இரண்டு குடும்பமும் ஒரே கோவிலில் இருப்போம். பூசை முடிந்ததும் பாட்டி யார் பக்கம் முதலில் திரும்புவது என்று தெரியாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார்கள். இந்த ஆண்டு மலர் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒவ்வொரு பிரதி வரும். இதை எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "பெயர் போடாமல் எழுது" என்றாள்.

சென்ற கோடை விடுமுறையில் பெரியப்பா நிலத்தை அளக்கச் சொல்லி மனுப் போட்டார். அளக்கும் நாளில் இரு தரப்பும் இருக்கவேண்டும் என்று அப்பாவுக்கும் அறிவிப்பு வந்தது. அப்பா என்னையும் அழைத்துப் போனார். கணக்குத் தெரிந்தவள் கூட இருக்கட்டும் என்றுதான் சொன்னார், ஆனால் தனியாகப் போக அவருக்கு மனமில்லை என்று நினைக்கிறேன். அங்கே போனால் அக்காவும் நிற்கிறாள்! பெரியப்பாவும் அதையே நினைத்திருக்கிறார்.

சர்வேயர் ஒரு புலப்படம் வைத்திருந்தார். நான் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. நிலம் முழுவதையும் முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கோட்டின் மீதும் நீளத்தை எழுதியிருந்தது. கோணம் எதுவும் எழுதவில்லை, நீளம் மட்டும்தான். "கோணம் எங்கே சார்?" என்று கேட்டேன். "மூணு பக்கமும் தெரிஞ்சா கோணம் எதுக்கும்மா? ஒரே ஒரு முக்கோணந்தானே வரும்" என்றார். ப-ப-ப விதிப்படி சர்வசமம் என்று எழுதி எழுதிக் கை வலித்திருக்கிறதே, அதுதான் இது!

தாத்தா காலத்தில் பிரித்தபோது நட்ட நடுக்கல் காணவில்லை. சண்டையே அதனால்தான். அது மழைநீரில் புதைந்ததோ, மாடு சாய்த்ததோ, எவருக்கும் தெரியவில்லை. ஆனால் கோயில் பக்கத்துக் கல்லும் ஓடைக்கரைக் கல்லும் அசையாமல் இருந்தன. அவை இரண்டுக்கும் இடையே 31.4 மீட்டர். புலப்படத்தின்படி நடுக்கல் கோயில் கல்லிலிருந்து 24.6 மீட்டர், ஓடைக்கல்லிலிருந்து 18.2 மீட்டர். கவராயத்தை வைத்து இரண்டு வில் போடுவதுபோலத்தான். இரண்டு விற்கள் இரண்டு இடத்தில் வெட்டிக்கொள்ளும், ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. எது வேண்டுமென்று படம் சொல்லும். நான் மனத்துக்குள்ளேயே கணக்கிட்டேன். 24.6, 18.2 இரண்டின் வர்க்கத்தையும் கூட்டினால் 31.4இன் வர்க்கத்திற்குச் சற்றுக் குறைவு. ஆக, அந்த இரண்டு நாடாக்களும் செங்கோணத்திற்கு மூன்று பாகை கூடுதலான கோணத்தில் கூடும். லாம்டன் பார்த்தால் மகிழ்ந்திருப்பார்.

சர்வேயரோடு வரவேண்டிய உதவியாளர் அன்று வரவில்லை. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "பெரியவரே, நீங்க கோயில் கல்லுல டேப்போட முனையைப் பிடிங்க. நீங்க, சார், ஓடைக் கல்லுல போய்ப் பிடிங்க" என்று இருவரிடமும் ஒவ்வொரு நாடாவின் முனையைக் கொடுத்துவிட்டார். அவருக்கு எங்கள் வீட்டுக் கதை தெரியாது. தெரிந்தும் தெரியாததுபோல் செய்தாரோ என்றும் சிலசமயம் எண்ணுகிறேன். பெரியப்பா ஒரு கல்லருகே குனிந்து உட்கார்ந்தார். அப்பா இன்னொரு கல்லருகே. சர்வேயர் இரண்டு நாடாவையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு புல்லுக்குள் முன்னும் பின்னும் நடந்தார். நாடா தொய்ந்தால் அளவு தப்பும். அப்பாவின் பக்கத்து நாடா காற்றில் படபடவென்று ஆடியது.

"டேப்ப இறுக்கிப் பிடிடா, தொய்யுது" என்றார் பெரியப்பா.

"பிடிச்சிட்டேன்ணே" என்றார் அப்பா.

அவ்வளவுதான். அக்கா என் கையைக் கிள்ளினாள். நானும் கிள்ளினேன்.

இரண்டு நாடாவும் கூடிய இடத்தில் சர்வேயர் ஒரு குச்சியை நட்டார். பிறகு சரிபார்ப்பதற்காக, பனைமரத்தடியில் இருந்த மற்றொரு கல்லிலிருந்து மூன்றாவது அளவு எடுக்கவேண்டும் என்றார். அந்த நாடாவை அக்காவும் நானும் பிடித்தோம். 27.5 மீட்டர் இருக்கவேண்டியது, குச்சிக்கு நான்கு விரற்கடை முன்னாலேயே முடிந்துவிட்டது. எனக்கு நெஞ்சு படபடத்தது. மூன்றும் ஒரே புள்ளியில் கூடவில்லையே, இனி எல்லாம் பழையபடி ஆகிவிடுமோ! சர்வேயர் சிரித்துக்கொண்டே, "தரையில எப்பவும் கொஞ்சம் தள்ளித்தான் வரும்மா. அப்படியே பொருந்தி வந்தாத்தான் எனக்குச் சந்தேகம்" என்றார். மூன்று கோடுகளுக்கும் நடுவே உள்ளங்கையளவு ஒரு குட்டி முக்கோணம் விழுந்தது. "இதுக்குள்ள தோண்டுங்க" என்றார்.

கடப்பாரை ஒன்றுதான் இருந்தது. அப்பா சிறிது நேரம் குத்தினார். பெரியப்பா மண்ணை வாரினார். பிறகு பெரியப்பா குத்தினார். முழங்கை ஆழத்தில் 'ணங்' என்று ஒலி கேட்டது. வண்டலுக்குள் கல் சாயாமல் நேராகவே நின்றது. அதன் தலையில் உளியால் செதுக்கிய அடையாளம்கூட அழியவில்லை. தாத்தா கண்முன் நட்ட கல். இருவரும் குனிந்து, அதன்மேல் ஒட்டியிருந்த மண்ணை விரலால் துடைத்தார்கள்.

அங்கிருந்து கிணற்றோரக் கல்வரை கயிற்றை இழுத்துக் கட்டிச் சுண்ணாம்புத் தூள் போட்டார்கள். வரப்பைப் பார்த்தால் சிரிப்புத்தான் வந்தது. நேராக இருக்கிறதென்று எல்லோரும் நினைத்திருந்த வரப்பு, வெள்ளைக் கோட்டின் இரண்டு பக்கமும் பாம்புபோல் நெளிந்தது. நடுக்கல் பக்கம் அது எங்கள் நிலத்திற்குள் ஒன்றரை முழம் வந்திருந்தது. கிணற்றுப் பக்கம் அவர்கள் நிலத்திற்குள் ஏறக்குறைய அதே அளவு போயிருந்தது. ஆண்டுதோறும் இரண்டு பக்கமும் மண்வெட்டியால் செதுக்கிச் செதுக்கி வந்ததில் எவரும் அறியாமல் வளைந்திருக்கிறது. பெரியப்பா குற்றம் சாட்டிய இடத்தில் அவர் சொன்னது சரி. அப்பா குற்றம் சாட்டிய இடத்தில் அப்பா சொன்னது சரி. இருவரும் வேறு வேறு முனையில் நின்றுகொண்டு மூன்று ஆண்டுகளாக வாதாடியிருக்கிறார்கள். நானும் அக்காவும் இரண்டு பக்கத்து மண்ணையும் துண்டு துண்டாக முக்கோணமாக்கிப் பரப்பளவு கண்டோம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால், மிச்சம் ஒரு சென்ட்கூட இல்லை. அந்தத் தாளை அக்கா பெரியப்பாவிடம் கொடுத்தாள். அவர் மூக்குக்கண்ணாடி இல்லாமல் வெகுநேரம் பார்த்துவிட்டு அப்பாவிடம் நீட்டினார்.

நடுவில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. வெள்ளைக் கோடு அதன் அடிமரத்தின் மத்தியில் போகிறது. அதைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை.

பாட்டி வெயிலில் தூக்குச்சட்டியில் மோர் கொண்டுவந்தார்கள். கல் கிடைத்ததா என்று அவர்கள் கேட்கவில்லை. "நாடாவ யாரு யாரு பிடிச்சது?" என்றுதான் கேட்டார்கள். அக்கா சொன்னாள். பாட்டி ஒன்றும் பேசாமல் இரண்டு தம்ளரிலும் மோரை ஊற்றினார்கள்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் இது சிறுகதை அல்ல. அப்பாவும் பெரியப்பாவும் இன்னும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதில்லை. வரப்பை நேராக்குவதா, அப்படியே விடுவதா என்பதும் பேசப்படவில்லை. இந்தப் பருவத்தில் கடலையை அந்த நெளிந்த வரப்புவரைதான் போட்டிருக்கிறார்கள். நடுக்கல்லுக்கு மட்டும் எவரோ வெள்ளையடித்திருக்கிறார்கள். அப்பா தான் அடிக்கவில்லை என்கிறார். பெரியப்பாவும் அப்படித்தான் சொன்னாராம். அக்காவும் நானும் இப்போது வாயிற்கதவைத் தாண்டியும் ஒரே ஓரத்தில் நடக்கிறோம், மணிக்கூண்டுவரை.

கிணற்றில் சேறு நிறைந்துவிட்டது. ஐப்பசி மழைக்கு முன் தூர் வாரவேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பக்கத்துக் கடலையும் காயும். செலவைப் பாதிப் பாதியாகப் போட்டுக்கொள்வது என்று பாட்டி மூலமாகச் சம்மதம் சொல்லியனுப்பிவிட்டார்கள். ஆள் பேசப் போவது அப்பாவா பெரியப்பாவா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.